ரைபிள் கடைசியில்தான்
லண்டனில் .22 செமி ஆட்டோமேட்டிக்: கிளப்பில் சேர்வதிலிருந்து முதல் சூடு வரை

கைக்கடக்கமானது, விலை குறைந்தது, விசையை அழுத்தினால் ஒரு குண்டு போய் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்வது. இப்படிப்பட்ட ரைபிளை அமெரிக்கர்கள் 9 மி.மீ.யிலும் .223-லும் கடையில் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு போவதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். லண்டனில் அந்த வகையில் சட்டம் உங்களுக்கு விட்டுவைத்திருப்பது ஒன்றே ஒன்று: .22 ரிம்ஃபயர். அதையும் போலீஸ் தரும் சான்றிதழ் இல்லாமல் வாங்க முடியாது.

இந்த அத்தியாயம் அந்த ஒரு ரைபிளைப் பற்றியது. ரைபிளின் விலைதான் இதில் குறைவு. சில நூறு பவுண்டுக்குப் பழையது நல்லதாகவே கிடைக்கும். நேரமும் பொறுமையும் போவது அதற்கு முந்தைய படிகளில்.

கோடு எங்கே இருக்கிறது

1987 ஆகஸ்ட் 19 அன்று ஹங்கர்ஃபோர்டில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனிடமிருந்த செமி ஆட்டோ ரைபிள்கள் முறையான உரிமத்தோடு வாங்கியவை. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, .22 ரிம்ஃபயர் தவிர்த்த எல்லாச் செமி ஆட்டோ ரைபிள்களையும் தடை செய்தார்கள். 1996 மார்ச் 13 அன்று டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் கைத்துப்பாக்கிகளும் போயின. அந்த 1997 சட்டம்தான் சிறிய ரைபிள் தேடுகிறவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய இரண்டு அளவுகளைத் தந்தது:

- குழல் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது.
- மொத்த நீளம் 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

மொத்த நீளத்தை அளக்கும்போது, மடங்குகிற, கழற்றக்கூடிய, உள்ளே தள்ளக்கூடிய பின்கட்டை எதுவும் கணக்கில் சேராது. மடக்குக் கட்டை மாட்டினால் சின்னதாக்கலாமே என்று வெளிநாட்டுத் தளத்தில் உதிரி பாகம் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். குழலை வெட்டிக் குட்டையாக்குவதும் அதே கதை. தடை செய்யப்பட்ட வகைக்குள் போய்விட்டால், விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாலொழிய, குறைந்தது 5 ஆண்டு சிறை. "தெரியாது" என்பது பதிலாகாது.

இந்த நீளக் கணக்கின் விசித்திரம் 2012 ஒலிம்பிக்கில் தெரிந்தது. வுல்விச் ராணுவக் குடியிருப்பில் நடந்த போட்டியில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர், .22 செமி ஆட்டோ கைத்துப்பாக்கியில் சுடுவது. உள்ளூர் பிரிட்டிஷ்காரர் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க முடியாது. வீரர்களுக்குத் தனி அனுமதி கொடுத்துத்தான் போட்டியே நடந்தது. அதே .22 தோட்டா, அதே தானியங்கி ஏற்றம், ஆனால் குழல் நீளமாக இருந்தால் உங்கள் அலமாரிக்கு வரலாம்.

வரிசை

தமிழ்நாட்டில் துப்பாக்கி லைசென்ஸ் என்றால் கலெக்டர் அலுவலகம், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பு என்று ஒரு முறை உண்டு. இங்கே ஆரம்பம் முதல் முடிவு வரை போலீஸ்தான். லண்டனில் மெட்ரோபாலிட்டன் போலீஸின் துப்பாக்கி உரிமப் பிரிவு. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். நகரத்தில் வசிக்கும் உங்களிடம் முயல் சுட நிலம் இருக்கப் போவதில்லை. ஆகவே "தக்க காரணம்" என்று நீங்கள் காட்டப்போவது இலக்குச் சுடுதல். அதற்கு உள்துறை அமைச்சகம் அங்கீகரித்த கிளப்பில் முழு உறுப்பினராக வேண்டும். ஹாம் அண்ட் பீட்டர்ஷாம் போல லண்டனுக்குள்ளேயே பழைய கிளப்கள் உண்டு. நகருக்கு வெளியே சர்ரேயில் பிஸ்லி இருக்கிறது: நேஷனல் ரைபிள் அசோசியேஷன் விம்பிள்டன் திடலிலிருந்து 1890-ல் அங்கே போனது. வாட்டர்லூவிலிருந்து புரூக்வுட்டுக்கு ரயில், அங்கிருந்து பக்கம்.

சேருமுன் செயலாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உள்துறை அங்கீகாரம் உண்டா? உங்கள் ரேஞ்சில் .22 செமி ஆட்டோவை அனுமதிக்கிறீர்களா? அதில் என்ன போட்டி சுடுகிறீர்கள்? இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நகரத்து உள்ளரங்க கிளப்கள் பல, படுத்துக்கொண்டு ஒற்றைத் தோட்டா ரைபிளில் சுடுகிறவை. அங்கே செமி ஆட்டோவுக்கு வேலையே இல்லை. கேலரி ரைபிள் போட்டிகள் நடக்கும் கிளப்தான் உங்களுக்கு வேண்டியது.

2. பயிற்சிக் காலம். குறைந்தது 3 மாதம். பெயருக்குப் போய்வந்தால் போதாது. ஒழுங்காக வந்து கிளப் ரைபிளில் சுட வேண்டும். முதல் நாளே, துப்பாக்கி தொடத் தடையுள்ளவர் அல்ல என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். 3 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவருக்கு வாழ்நாள் தடை. 3 மாதம் முதல் 3 ஆண்டுக்குள் என்றால் விடுதலையாகி 5 ஆண்டு.

இந்த மாதங்களை வீண் என்று நினைக்காதீர்கள். கிளப்பில் உள்ள நாலைந்து வகை ரைபிளையும் சுட்டுப் பார்த்த பிறகு, செமி ஆட்டோவே வேண்டாம், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் போல்ட் ரைபிள்தான் பிடித்திருக்கிறது என்று திரும்புகிறவர்கள் நிறைய. காசு மிச்சம்.

3. விண்ணப்பம். நீங்கள் கேட்பது எஃப்.ஏ.சி. எனப்படும் ஃபயர்ஆர்ம் சர்டிஃபிகேட். படிவம் 201. முதல் தடவைக் கட்டணம் 2025 பிப்ரவரி முதல் 198 பவுண்டு. சான்றிதழ் 5 ஆண்டுக்கு. நம்மவர்கள் தடுமாறும் இடங்கள்:

- *பெயர்.* அப்பா பெயர் முன்னால் வருவதா, பின்னால் வருவதா, இனிஷியலா என்ற குழப்பம் நம் ஆவணங்களில் சகஜம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். முன்பு வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையும் பழைய பெயர் என்ற இடத்தில் குறிப்பிடுங்கள்.
- *சாட்சிகள்.* இரண்டு பேர் வேண்டும். குறைந்தது 2 ஆண்டு உங்களைத் தெரிந்தவர்கள், பிரிட்டனில் வசிப்பவர்கள், குடும்பத்தார் அல்லாதவர்கள். மச்சானும் சகலனும் ஆகாது. வேலையிடத்து நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், கோயில் நிர்வாகத்தில் உள்ளவர் என்று பாருங்கள். போலீஸ் கூப்பிடும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.
- *வழக்குகள்.* எதையும் மறைக்காதீர்கள். காலாவதியான தண்டனை, போலீஸ் எச்சரிக்கை, வாகனக் குற்றம், வெளிநாட்டில் நடந்தது எல்லாம் எழுத வேண்டும். பழைய தவறைவிட அதை மறைத்ததற்காக விண்ணப்பம் போனவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள். பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம்.
- *மருத்துவம்.* மருத்துவர் தரும் தகவல் இல்லாமல் சான்றிதழ் கிடையாது. உங்கள் ஜி.பி. இதற்குக் கட்டணம் கேட்கலாம். மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம், வலிப்பு, குடிப்பழக்கம் ஆகியவை கேட்கப்படும். ஈழத்திலிருந்து வந்தவர்களில் எப்போதோ கவுன்சிலிங் போனவர்கள் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். சொன்னவுடனே மறுப்பு என்று விதி இல்லை. ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். மனசுக்குள் உண்மையிலேயே தயக்கம் இருந்தால் மட்டும் கிளப் ரைபிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.
- *என்ன துப்பாக்கி.* வெறுமனே ".22 ரைபிள்" என்று எழுதினால் சான்றிதழும் அப்படியே வரும்; கடையில் செமி ஆட்டோவைத் தரமாட்டார்கள். ".22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிள், இலக்குச் சுடுதல்" என்று தெளிவாக எழுதுங்கள். ஒரு தடவையில் எத்தனை தோட்டா வாங்கலாம், மொத்தம் எத்தனை வைத்திருக்கலாம் என்பதையும் இங்கேதான் கேட்கிறீர்கள். கிளப்பில் கேட்டு நியாயமான எண்ணைப் போடுங்கள்.

மாதக்கணக்கில் காத்திருப்பு இருக்கும். போன் போட்டு அவசரப்படுத்துவதில் பலனில்லை.

4. அலமாரி. பி.எஸ். 7558 தரத்துக்குச் செய்த இரும்பு அலமாரி. செங்கல் சுவரில் போல்ட் அடித்துப் பொருத்த வேண்டும். ஜிப்சம் பலகைச் சுவர் தாங்காது. தோட்டாவுக்கு உள்ளேயே தனிப் பூட்டுள்ள தட்டோ வேறு பெட்டியோ வேண்டும். வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தெரியாத இடம் பாருங்கள். வாடகை வீடு என்றால் துளை போடுமுன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதி தராவிட்டால், பதிவு பெற்ற வியாபாரியிடமோ வசதியுள்ள கிளப்பிடமோ ரைபிளை வைக்க முடியுமா என்று பாருங்கள். அந்த ஏற்பாட்டைப் போலீஸிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

சாவி உங்களிடம் மட்டும். மனைவிக்கோ கணவருக்கோ அது இருக்குமிடம் தெரியக் கூடாது, அவர்களுக்கும் எஃப்.ஏ.சி. இருந்தால் வேறு கதை. நம் வீடுகளில் எல்லாச் சாவியும் சாமிப் படத்துக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும், பீரோச் சாவி, கார்ச் சாவி, கடைச் சாவி உட்பட. வருகிற அதிகாரி முதலில் கேட்பதே சாவி எங்கே என்பதுதான்.

5. அதிகாரி வருகை. வீட்டைப் பார்ப்பார், அலமாரியை அசைத்துப் பார்ப்பார், உங்களோடு பேசுவார். ஏன் செமி ஆட்டோ என்பதற்கு உங்கள் போட்டியைச் சொல்லுங்கள். "பாதுகாப்புக்காக" என்ற சொல் வாயில் வந்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. இந்த நாட்டில் தற்காப்பு துப்பாக்கி வைத்திருக்கக் காரணமாகாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்பார். மாடியில் குடியிருக்கும் மாணவரையும் ஆறு மாதம் தங்க வந்த மாமியாரையும் விட்டுவிடாதீர்கள்.

6. வாங்குவது. சான்றிதழ் கையில் வந்த பிறகு, அதில் குறிப்பிட்டு அனுமதித்த துப்பாக்கியை மட்டும் வாங்கலாம். பதிவு பெற்ற வியாபாரியிடம் நேரில் போய் வாங்குங்கள். அவர் உங்கள் சான்றிதழில் விவரம் எழுதுவார். கைமாறிய விவரம் 7 நாளுக்குள் போலீஸுக்குப் போக வேண்டும். சான்றிதழைப் பிரித்துப் படித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எந்த ரைபிள்

விலை குறைவு, உதிரி பாகம் எங்கும் கிடைப்பது என்றால் ரூகர் 10/22. 1964-லிருந்து வருகிறது. 10 தோட்டா கொள்ளும் சுழல் மேகசின் உடலோடு ஒட்டி உள்ளே உட்காரும். 16 அங்குலக் குழல் கொண்ட குட்டை வகை ஏறக்குறைய 41 செ.மீ.; சட்ட அளவுக்குள் வசதியாக வரும். ராணுவ ரைபிள் தோற்றத்தில் .22 மாதிரிகளும் உண்டு. சுடுவதற்கு அவை மோசமில்லை. ஆனால் காரிலிருந்து எடுக்கும்போது யாராவது பார்த்தால் போலீஸ் வாகனங்கள் வரும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். முதல் ரைபிளுக்கு மரக்கட்டை போட்டதே என் சிபாரிசு.

பழையது வாங்கும்போது குழலில் சோதனை முத்திரை இருக்கிறதா பாருங்கள். அந்த முத்திரையைக் குத்தும் இடங்களில் ஒன்று நம் கிழக்கு லண்டனில், வைட்சேப்பல் கமர்ஷியல் ரோட்டில் இருக்கும் புரூஃப் ஹவுஸ். 1637-ல் அரச சாசனம் பெற்ற கன்மேக்கர்ஸ் கம்பெனியுடையது. பிறகு குழல் முனையைப் பாருங்கள்: நசுங்கல், கீறல் இருந்தால் வேண்டாம். போல்ட்டை இழுத்து விடுங்கள், தடங்கலில்லாமல் மூட வேண்டும். மேகசின் வாய் தேய்ந்திருந்தால் அது மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ரேஞ்சில் முதல் நாள்

போல்ட் ரைபிளிலிருந்து வருகிறவருக்கு இங்கே ஒரே ஒரு புதுப் பழக்கம் தேவை: நீங்கள் எதுவும் செய்யாமலேயே துப்பாக்கி மறுபடி நிரம்பியிருக்கும்.

1. உறையிலிருந்து ரேஞ்ச் ஆஃபிசர் சொன்ன பிறகே எடுங்கள். குழல் எப்போதும் இலக்குப் பக்கம்.
2. கண்ணாடி, காதடைப்பு. சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போடுங்கள். பக்கத்தவர் ரைபிளிலிருந்து தெறிக்கும் சூடான கூடு கழுத்துக்குள் விழுந்தால் கையிலிருக்கும் குழல் எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.
3. மேகசினில் முதலில் ஒரே ஒரு தோட்டா. சுடுங்கள். அடுத்து இரண்டு. ரைபிளின் துள்ளலும் உங்கள் விரலும் பழகிய பிறகே ஐந்து, பத்து.
4. சுடத் தயாராகும் வரை விரல் விசைக் காப்புக்கு வெளியே. 10/22-ல் பாதுகாப்புப் பொத்தான் அந்தக் காப்பின் முன்பகுதியில் குறுக்கே இருக்கும். விரல் பார்க்காமலேயே அதைத் தேடிப் பழகட்டும்.
5. முடித்ததும் *முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு போல்ட்டை இழுங்கள்.* மாற்றிச் செய்தால் உள்ளிருந்த தோட்டா வெளியே விழும், போல்ட் திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்தது ஏறும். தரையில் விழுந்த தோட்டாவைப் பார்த்து "காலி" என்று நினைத்துக்கொள்வீர்கள்.
6. போல்ட்டைப் பின்னால் பூட்டி, அறையைக் கண்ணால் பார்த்து, ஆஃபிசரிடம் காட்டி, மஞ்சள் கொடியை அறைக்குள் செருகுங்கள்.

இன்னொன்று. சாதாரண 10/22-ல் கடைசித் தோட்டா போன பிறகு போல்ட் திறந்து நிற்காது. காலி அறையின் மேல் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் நிரம்பிய ரைபிளும் காலி ரைபிளும் ஒரே மாதிரி. எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

வெடிக்காவிட்டால்

விசை "டிக்" என்றது, வெடிக்கவில்லை: குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள். பிறகு மேகசின், பிறகு போல்ட். கூடு பாதி வெளியே வந்து போல்ட்டில் சிக்கினால் அதே வரிசைதான். விரலை உள்ளே விடுமுன் மேகசின் கழன்றிருக்க வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. வழக்கமான சத்தத்துக்குப் பதில் "புஸ்" என்று மெல்லிய சத்தம், இலக்கில் புது ஓட்டை இல்லை. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். நிறுத்துங்கள், கையை உயர்த்துங்கள், ஆஃபிசரைக் கூப்பிடுங்கள். துப்புரவுக் கம்பி விட்டு வழி திறந்திருக்கிறது என்று உறுதியான பிறகே மற்றது.

மெதுவாகப் போகும் சப்சோனிக் தோட்டாக்களில் சில, போல்ட்டை முழுக்கப் பின்தள்ளாமல் அடிக்கடி சிக்கும். ரைபிளைக் குறை சொல்லுமுன் இரண்டு மூன்று பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கிப் பாருங்கள். எந்த வேகம் வரை ரேஞ்சில் அனுமதி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சுட்ட பிறகு

ரிம்ஃபயரில் ஈயம் இரண்டு வழியில் கைக்கு வரும்: குண்டிலிருந்தும் புகையிலிருந்தும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். ரேஞ்சில் டீயும் வடையும் எடுப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவுங்கள். அந்தச் சட்டையோடு வீட்டில் குழந்தையைத் தூக்காதீர்கள்.

சாதாரண 10/22-ஐப் பின்பக்கமிருந்து துடைக்க வழியில்லை, உடல் மூடியது. கம்பியை முனை வழியாக விட்டால் முனை தேய்ந்து குறி கெடும்; அதைவிடக் குழலுக்குள் இழுக்கும் துப்புரவுக் கயிறு மேல். குழலைத் தினமும் தேய்க்க வேண்டியதில்லை. கரி சேர்வது போல்ட் முகத்திலும் அறை வாயிலிலும். அவற்றைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மேகசினுக்குள் எண்ணெய் வேண்டாம்.

வீட்டில், வழியில்

ரேஞ்சுக்குப் போகும்போது ரைபிள் உறையில், தோட்டா தனியாக, சான்றிதழ் கையோடு. வழியில் கடையில் இறங்கி மரக்கறி வாங்க வேண்டாம். ரைபிள் உள்ள காரை விட்டுப் போகக் கூடாது.

வீட்டில் ரைபிள் இருப்பதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். படத்தை வாட்ஸப்பில் போடாதீர்கள். விருந்துக்கு வந்த மருமகன் "மாமா, ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோவன்" என்று கேட்பான். "கிளப்புக்கு வா, விருந்தினர் நாளில் நீயே சுடலாம்" என்று சொல்லுங்கள். அங்கீகரித்த கிளப்கள் போலீஸுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து அப்படிப்பட்ட நாள்களை நடத்துகின்றன.

களவு போனாலோ தொலைந்தாலோ உடனே போலீஸுக்குச் சொல்லுங்கள். வீடு மாறினாலும் அப்படியே. ஓராண்டு கிளப்பில் சுடாமல் இருந்தால் கிளப் அதைப் போலீஸுக்குத் தெரிவிக்கும், ஆகவே சோம்பலாக இருந்தாலும் அவ்வப்போது போய்வாருங்கள். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்கு 8 வாரத்துக்கு முன்பே போட்டால், போலீஸ் தாமதித்தாலும் பழைய சான்றிதழ் மேலும் 8 வாரம் வரை செல்லும். உரிமையாளர் இறந்துவிட்டால் குடும்பத்தார் ரைபிளைத் தொடாமல் போலீஸைக் கூப்பிட வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி உயிலோடு வையுங்கள்.

ஊருக்கு இரண்டு மூன்று மாதம் போகிறீர்கள் என்றால் ரைபிளைப் பதிவு பெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையையோ ஜாக்கெட்டையோ விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். மடிப்புக்குள் ஒரு .22 தோட்டா கிடந்தால் ஹீத்ரோவில் பயணம் நிற்கும். அங்கே தப்பிச் சென்னையில் ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. எடுத்தே ஆக வேண்டும் என்றால் முந்தின நாள் பையை உள்வெளியாகத் திருப்பி உதறி, தையல் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள்.